திருமழிசை வழியில் ஏரியும் ஊராரும்

பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றதும் திருமழிசை வந்துவிடுகிறது. திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர் இதுவென்று நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையாகக் கிடந்த அவரைப் பிரப்பம்புதரிலிருந்து எடுத்து வளர்த்தவர் பிரம்பறுத்து ஜீவனம் செய்துவந்த திருவாளன் என்பது கதை. பிரம்போ ஈர நிலத்தில் செழிப்பது. வடமொழியில் இவ்வூருக்கு மகீசார க்ஷேத்திரம், அதாவது பூமியின் சாரம், என்று பெயர். பெயரிட்டவர்கள் இங்குள்ள தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களாகவே இருக்க வேண்டும்!

ஜகந்நாதப் பெருமாளையும் ஒத்தாண்டேசுவரரையும் தரிசித்துவிட்டு வெளியே வந்தோம். வெளியே உள்ள உலகம் வேறு. ஒரு பக்கம் தொழிற்பேட்டை; மறுபக்கம் மனைப் பிரிவுகள். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தையே சில மாதங்கள் இங்கு வந்து குடியிருந்தது. கிராமம் என்று சொல்லவும் முடியாமல், பட்டணம் என்று சொல்லவும் மனம் வராமல் நிற்கிறது ஊர்.

தெற்கே போனால் செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. வயல்களுக்குப் பாய்வதற்காக முன்னோர் கட்டிய இந்த ஏரி, இன்று சென்னை நகரத்தின் தாகத்தைத் தீர்க்கிறது. கரைமேல் நின்றபோது ஒரு கேள்வி எழுந்தது: ஏரியைப் பேணும் கடமை யாருடையது?

இதே தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இதற்கு விடை கூறுகின்றன. ஊர்ச் சபையார் குடவோலை எடுத்து ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வேலையும் அவர்களிடம் இருந்தது. அதிகாரமும் அவர்களிடம் இருந்தது. 1858-இல் கும்பினி ஸர்க்கார் ஒரு சட்டம் செய்தது. வழக்கமான குடிமராமத்துக்கு வராதவன், செய்யத் தவறிய வேலையின் மதிப்பைப் போல் இரு மடங்கு கொடுக்க வேண்டும் என்றது அது. வேலையைக் குடிகளிடம் விட்டு, அதிகாரத்தைத் தாசில் கச்சேரிக்கு எடுத்துச் சென்றால் எந்தக் குடி உற்சாகமாக மண்வெட்டி எடுப்பான்? வழக்கம் நாளடைவில் தளர்ந்ததில் வியப்பில்லை.

2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழக அரசு குடிமராமத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. தொடக்க விழா நடந்த இடம் செம்பரம்பாக்கத்துக்குத் தெற்கே உள்ள மணிமங்கலம். பல்லவ நரசிம்மவர்மன் புலிகேசியோடு பொருத அதே மணிமங்கலந்தான். முதற்கட்டத்தில் 1,519 வேலைகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நூற்றுக்கு 90 பங்கு அரசினுடையதாக இருந்தது. மீதி 10 பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டியிருந்தது. வேலை கண்டிராக்டரிடம் போகாமல் பாசன விவசாயிகளின் சங்கத்திடமே வந்தது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

2019-இல் தொடங்கிய ஜல ஜீவன் இயக்கத்திலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஊருக்குள் போடும் குழாய் வேலைகளின் செலவில் ஊரார் பங்கு 10 சதவீதம். மலை ஊர்களிலும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக வாழும் ஊர்களிலும் 5 சதவீதம். நிர்வாகத்தைக் கவனிக்கும் ஊர்க் குழுவில் பாதிப் பேராவது பெண்களாயிருக்க வேண்டுமென்பது விதி. குடத்தின் பாரம் இடுப்புக்குத் தெரியும். ஆகவே மிகப் பொருத்தமான விதி.

ஆனால் திருமழிசை போன்ற ஊருக்கு இவ்விரண்டிலும் இடம் எங்கே? ஜல ஜீவன் இயக்கம் கிராமங்களுக்கு உரியது. இங்கோ கிராம ஊராட்சியும் இல்லை. கிராம சபையும் இல்லை. குடிமராமத்து பாசனதாரருக்கு உரியது. வயல் மனையாகிவிட்டால் பாசனதாரர் ஏது, சங்கம் ஏது? சங்கம் கலைந்தபின் வரத்துக்காலில் குப்பை கொட்டுகிறவனைத் தட்டிக் கேட்பதற்கும் ஆளில்லை. ஏரி வற்றினால் முதலில் வருந்தப் போகிறவர்கள் ஆழ்குழாய்க் கிணறு போட்டிருக்கும் புதிய வீட்டுக்காரர்கள். அவர்களுக்கோ எந்த ஏரியின் தண்ணீர் தங்கள் கிணற்றுக்கு வருகிறதென்பது தெரியாது.

அவர்களையும் பாசன சங்கத்தில் சேர்த்துக்கொள்ள அரசு வழி செய்யலாமென்பது நம் அபிப்பிராயம். பத்தில் ஒரு பங்கை அவர்களிடமும் கேட்கட்டும். கேட்கும்போது, எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கால்வாயை முதலில் தூர் வாருவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் போடட்டும். ஆறு பேர் போதும். உத்தரமேரூரார் அதற்குமேல் கேட்கவில்லை.