மானின் மூக்கு

ஐம்பொறிகளுள் கண்ணுக்கும் செவிக்கும் தந்த பெருமையை நாம் மூக்கிற்குத் தந்தோமில்லை. கண்டதை ஓவியமாக்கினோம்; கேட்டதை இசையாக்கினோம்; முகர்ந்ததைப் பற்றிப் பேச வந்தால் மட்டும் நறுமணம், துர்நாற்றம் என்னும் இரு சொற்களோடு பெரும்பாலும் நிறுத்திக் கொள்கிறோம். 'நாற்றம்' என்ற சொல்கூட முன்னாளில் நறுமணத்தையும் குறித்து நின்றது. இன்று அது இழிபொருளில் மட்டுமே வழங்குகிறது. தொல்காப்பியரோ மூக்கை மறந்தாரில்லை. மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தபோது, மெய், நா இவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தை மூக்கிற்குத் தந்தார். கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. மூவறிவு உடையனவற்றிற்குச் சிதலையும் எறும்பையும் சான்று காட்டினார். சர்க்கரை டப்பாவை எந்த அலமாரியில் ஒளித்தாலும் தேடி வந்து சேரும் எறும்பைக் கண்ட எந்த இல்லத்தரசியும் அவர் கூற்றை மறுக்க மாட்டார்.

எறும்பைப் போலவே மூக்கால் உலகை அறியும் மற்றோர் உயிர் மான். அதைப் பற்றிச் சிந்திக்க நம்மைத் தூண்டியது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி உரையாடல். நம் தமக்கையார் மகன் பென்சில்வேனியா மாநிலத்தில் பணிபுரிகிறான். அங்கு வெண்வால் மான் வேட்டை, உரிமம் பெற்றுச் சட்டத்திற்கு உட்பட்டு ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு வழக்கம். ஓநாயும் மலைச்சிங்கமும் அப்பகுதிகளிலிருந்து மறைந்துவிட்டபடியால், மானின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்க இந்த வேட்டையை அரசும் ஒரு வழியாகக் கொள்கிறது. இலையுதிர் காலத்தில் வில் வேட்டையும், நவம்பர் இறுதியில் துப்பாக்கி வேட்டையும் தொடங்குகின்றன.

"மாமா, எங்கள் அலுவலகத்தில் இருவருக்கு ஒரு வாரமாக வாக்குவாதம். மரத்தின் மேல் பரண் கட்டி மானுக்குக் காத்திருக்கும்போது மின் சிகரெட்டு பிடிக்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றான் அவன். ஒருவர் நெடுநாள் புகைத்துப் பின் சிகரெட்டை விட்டு மின் சிகரெட்டுக்கு மாறியவர். அதன் ஆவி நொடியில் கரைந்துவிடும், மான் அறியாது என்பது அவர் வாதம். மற்றவரோ, மானின் மூக்கை ஏமாற்ற நினைப்பவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவான் என்றாராம். இருவரும் பல்லாண்டு வேட்டையாடியவர்கள்; இருவரிடமும் தத்தம் கட்சிக்குச் சான்றுகள் இருந்தன.

கோப்புகளில் இருதரப்புக் குறிப்புகளையும் வரிசைப்படுத்தி மேலதிகாரிக்கு அனுப்புவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய வழக்கு புதிதன்று. கிடைத்த செய்திகளைத் தொகுத்துப் பார்த்தோம்.

மின் சிகரெட்டில் எரிவது ஏதுமில்லை. மின்கலத்தால் சூடேறும் ஒரு சிறு கம்பிச் சுருள், கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நிக்கோட்டின், மணமூட்டிகள் ஆகியன கலந்த திரவத்தை நுண்துளிகளாக்கி வெளியிடுகிறது. இன்று வழங்கும் வடிவத்திற்கு வித்திட்டவர் சீனத்து மருந்தாளுநர் ஹான் லிக் என்பர், ஆண்டு 2003. புகையிலை எரியும்போது ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் பிறந்து ஆடையிலும் முடியிலும் ஒட்டிக் கொள்கின்றன. மின் சிகரெட்டின் ஆவி அவ்வளவாக ஒட்டுவதில்லை. விரைவில் கலைந்தும் விடுகிறது. இதுவரை முதலாமவர் கட்சி வலுவானதே.

ஆனால் கண்ணுக்குக் கலைந்தது மூக்கிற்குக் கலைந்ததாகாது. மானின் முகம் நீண்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. அந்நீண்ட மூக்கினுள்ளே மணத்தை உணரும் சவ்வு மடிப்பு மடிப்பாக விரிந்து கிடக்கிறது. அதன் மூக்கு நுனி எப்போதும் ஈரமாக இருப்பதால் காற்றில் வரும் மணத்துகள்கள் அதில் எளிதில் படிகின்றன. மேல்வாயில் யாக்கோப்சன் உறுப்பு என்ற தனிக்கருவி வேறு உண்டு. குளம்புகளின் இடையிலும், பின்னங்கால் மூட்டிலும், கண்ணின் ஓரத்திலும் மணச்சுரப்பிகள் அமைந்துள்ளன. அவற்றால் மான்கள் தரையிலும் மரக்கிளையிலும் செய்தி எழுதி வைக்கின்றன. பின்வரும் மான்கள் அவற்றை மூக்கால் படிக்கின்றன. நமக்கு நாளிதழ் எப்படியோ அவற்றுக்குக் காட்டுப்பாதை அப்படி.

இதனை அறிந்த அந்நாட்டு வேட்டைக்காரர்கள் படும் பாடு கொஞ்சமன்று. மணமில்லாச் சோப்பில் ஆடைகளைத் துவைக்கின்றனர். ரப்பர் காலணி அணிகின்றனர். கரித்தூள் சேர்த்த உடைகளை விலைகொடுத்து வாங்குகின்றனர். இத்தனைக்குப் பிறகும் அவர்கள் முதன்மையாக நம்புவது காற்றின் திசையைத்தான். சிறு புட்டியிலிருந்து மாவுத்தூளைப் பீச்சி அது எப்பக்கம் போகிறது என்று பார்க்கின்றனர். மலைச்சரிவில் காலை வெயில் ஏற ஏறக் காற்று மேல்நோக்கி எழும்பும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். ஆதலால் காலையில் பொருத்தமான பரண் மாலையில் பயன்படாது. அனுபவம் வாய்ந்த மானோ, ஓரிடத்தை அடையுமுன் காற்று தன் முகத்தில் படும்படி சுற்றி வந்து, அங்கிருப்பவர் யாரென்று மூக்கால் விசாரித்த பின்னரே காலடி எடுத்து வைக்கும்.

எனவே நம் தீர்ப்பு இதுவாயிற்று: இவ்வழக்கில் மின் சிகரெட்டு இரண்டாம் பிரதிவாதிதான், முதல் பிரதிவாதி மனித உடம்பு. நம் தோலிலிருந்து ஓயாது உதிரும் நுண்செதில்களும், வியர்வையில் வாழும் நுண்ணுயிர்களும், நம் மூச்சும் மணத்தை வீசிக்கொண்டே இருக்கின்றன. காற்று நம்மிடமிருந்து மானை நோக்கி வீசினால், புகைக்காதவனும் பிடிபடுவான். மானிடமிருந்து நம்மை நோக்கி வீசினால், புகைப்பவனுக்கும் சிறிது நேரம் வாய்க்கலாம். ஆவியை ஏந்திச் செல்லும் காற்றே திசையையும் காட்டிக் கொடுக்கும். ஆயினும் மாம்பழ மணமும் புதினா மணமும் ஏற்றிய ஆவி, உள்ள சுமையோடு இன்னொரு சுமையைக் கூட்டுகிறதே தவிர எதையும் மறைப்பதில்லை. மாமரமே கண்டிராத பென்சில்வேனியக் காட்டில் மாம்பழ மணம் எழுந்தால் மான் என்ன நினைக்கும்? 'நல்ல மணம்' என்று அது மயங்குமா? நல்லது, தீயது என்பதை மான் கேட்பதில்லை. 'இது இவ்விடத்திற்கு உரியதா?' என்ற ஒன்றைத்தான் அது கேட்கிறது. ஊரை ஒட்டிய தோட்டங்களில் மேயும் மான்கள் மனித வாடைக்கும் அடுப்புப் புகைக்கும் பழகி அஞ்சாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். அங்கு அவை உரியனவாகிவிட்டன.

அந்த அமெரிக்க அன்பர் நம் நாட்டிற்கு வந்தால் அவர் கையிலுள்ள இரண்டுக்குமே இங்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்தது. மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு, விளம்பரம் அனைத்தையும் 2019-ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. விற்போர்க்கு முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

வேட்டை நின்றாலும் மானின் மூக்கு ஓய்வு பெறவில்லை. 2017-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு கார்பெட் பூங்காவிற்குச் சென்றிருந்தோம். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்னும் பெயரில் தொடங்கிய அதுவே நம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா. சால மரக்காட்டின் விளிம்பில், புல்வெளியில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து கொண்டிருந்தது. ஓட்டுநர் ஜீப்பின் இயந்திரத்தை நிறுத்தினார். எவரும் பேசவில்லை. சிறிது நேரத்தில் காற்று திரும்பியது. மூத்த பெண்மான் ஒன்று தலையை உயர்த்தியது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. கூட்டம் முழுவதும் புல்லுக்குள் மறைந்தது. எங்களோடு வந்த நண்பர் அத்தர் பூசியிருந்தார். வழிகாட்டி அவரைப் பார்த்துச் சிரித்து, "அத்தர் மிக நன்றாக இருக்கிறது ஐயா, மானுக்குத்தான் பழக்கமில்லை" என்றார்.

அக்காட்டிற்குத் தம் பெயரைத் தந்த ஜிம் கார்பெட், 1944-இல் வெளிவந்த தமது நூலில் ஒரு நுட்பமான செய்தியைக் கூறியுள்ளார். மனிதனுக்கு மோப்ப சக்தி இல்லை என்பது புலிக்குத் தெரியாதாம். ஆகவே ஆட்கொல்லிப் புலியும், மானைப் பிடிக்க வருவது போலவே, தன் வாடை எட்டாதபடி காற்றுக்கு எதிராகப் பதுங்கி வருமாம். காற்று முகத்தில் பட நடந்தால் ஆபத்து முதுகுப்புறம் என்று அறிந்து அவர் நடந்தார். புலி நம் மூக்கிற்கு அளித்த அந்த மரியாதைக்கு நாம் தகுதியுடையோமா என்பது ஐயமே.

இந்த ஐயம் எழக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவரின் மகன், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அவன் அறையில் பல மாதங்களாக மாம்பழ வாசனை வீசியதாம். மிட்டாய் என்றெண்ணி அன்னை மகிழ்ந்திருந்தார். பள்ளிப் பையில் பேனா போன்ற ஒரு கருவி அகப்பட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. விற்பனை சட்டவிரோதம், ஆயினும் எப்படியோ அவன் கைக்கு வந்திருந்தது. அவனை அதிலிருந்து மீட்க மருத்துவரிடம் பலமுறை நடக்க வேண்டியதாயிற்று. சிடுசிடுப்பு, உறக்கமின்மை, படிப்பில் நாட்டமின்மை என்று நிக்கோட்டின் தன் கடனை வட்டியோடு வசூலித்தது. நம் இளமையில் பீடி பிடித்த பையனை அவன் சட்டையே காட்டிக் கொடுத்துவிடும். வாசலில் நுழையும்போதே பாட்டி "இங்கே வாடா, ஊது பார்ப்போம்" என்பார். அந்தக் காவலை இனிய மணம் இன்று வென்றுவிட்டது. நல்ல வாசனைதானே என்று நாம் நின்றுவிட்டோம். மான் நின்றிராது, மாமரம் இல்லாத இடத்தில் மாம்பழ வாசனை ஏன் என்று அது கேட்டிருக்கும்.

இவ்வளவில் மானின் கேள்வியைப் போற்றி முடித்துவிடலாம்தான். ஆனால் பிழைப்புக்காகத் தமிழகம் விட்டு வந்த நமக்கு அக்கேள்வியின் மறுபக்கமும் தெரியும். தில்லிக்கு வந்த புதிதில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு கொதித்தது. மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மையார் சன்னலைச் சாத்தும் ஓசை கேட்டது. மறுமாதம் வீட்டைக் காலி செய்யும்படி சொல்லி அனுப்பினார். அவரும் கேட்டது மானின் கேள்வியைத்தான்: இது இவ்விடத்திற்கு உரியதா? எங்கள் மூக்கிற்கோ அது ஊர், அம்மா, கடற்கரைச் சந்தை. அதில் பிறர் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

விளங்காததற்கு இயற்கையே காரணம். ஒரே மணத்தில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திக் கொள்ளும். பரணில் இருப்பவனுக்குத் தன் ஆவி மணப்பதில்லை. நமக்கு நம் வீடு மணப்பதில்லை. பின்னர் அரசுக் குடியிருப்புக்கு மாறியபோது, எதிர்வீட்டு வங்காளக் குடும்பத்தின் கடுகெண்ணெய் காயும் நெடி எங்களுக்குத் தலைவலி தந்தது. சன்னலைச் சாத்த எழுந்த மனைவியார், பழைய சன்னல் ஓசை நினைவுக்கு வரவே, சாத்தாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். "அக்கா, என்ன சமையல்?" என்று அவருக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார். ஒரு கிண்ணம் மீன் குழம்போடு திரும்பி வந்தார். இன்று அந்நெடி எங்களுக்குத் தெரிவதில்லை. அவர்கள் விடுமுறையில் ஊருக்குச் சென்றால்தான் ஏதோ குறைவது போலத் தோன்றுகிறது.

மான் அயல்மணத்தைக் கண்டதும் ஓடுகிறது. நின்று விசாரித்தால் அதற்கு உயிர் போகும். ஆதலால் அதன்மேல் குற்றமில்லை. மனிதருக்கு அந்த நெருக்கடி இல்லை. எதிர்வீட்டிலிருந்து புதிய மணம் வந்தாலும் கதவைத் தட்டிக் கேட்கலாம். மகன் அறையிலிருந்து வந்தாலும் கதவைத் தட்டிக் கேட்கலாம். முன்னதில் ஒருவேளை நட்பு கிடைக்கும். பின்னதில் ஒருவேளை பிள்ளை கிடைப்பான். தொலைவில் பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இவ்விரண்டும் வேண்டியிருக்கின்றன.