நர்மதையைக் காட்டிய கதை

கங்கையில் மூழ்கினால் கிட்டும் புண்ணியம் நர்மதையைக் கண்ணால் கண்டாலே கிட்டும் என்பது வடநாட்டார் நம்பிக்கை. இதை எவரோ நம் அன்னையாரிடம் சொல்லி வைத்துவிட்டனர். 2016ஆம் ஆண்டு நாம் ஜபல்பூருக்கு மாற்றலாகி வந்த நாள்தொட்டு, மயிலாடுதுறைப் பக்கத்திலுள்ள நம் சிற்றூரிலிருந்து வரும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும், "நர்மதையை எப்போது காட்டப் போகிறாய், தம்பி?" என்ற கேள்வி தவறாமல் இடம் பெற்றது. அன்னையார் காவிரிக் கரையில் பிறந்து, காவிரிக் கரையிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஆற்றைப் பார்ப்பதற்காக ஒருவர் ஊர்விட்டு ஊர் போக வேண்டும் என்று அவர் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

அழைத்து வருவதற்கு ஏற்பாடுகள் செய்தோம். ஆனால் 2018ஆம் ஆண்டு அவருடைய முழங்கால்கள் இரண்டும் மறுத்துவிட்டன. ரயில்வேக்காரர் வீட்டில் பாஸுக்குப் பஞ்சமில்லை. பெட்டியின் படிகளை ஏறப் பாஸ் உதவாதே! "சரி, நீதான் எந்நேரமும் காமிராவும் கையுமாக இருக்கிறாயாமே. நல்லதாக ஒரு படம் பிடித்து அனுப்பு. அதைப் பார்த்துக் கொள்கிறேன்" என்றார் அன்னையார்.

நாம் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானோம். படக்கலையை எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. சக ஊழியர் ஒருவர் விற்ற பழைய நிக்கான் டி 3200 காமிராவும், அதனுடன் வந்த 18-55 மி.மீ. லென்ஸும், எடை குறைந்த அலுமினியத் தாங்கி ஒன்றும் நம் சொத்து. மலை, மரம், ஏரி, பனி, இவையே நமக்குப் பிடித்த பொருள்கள். அவை அசைவதில்லை, "முகம் கறுப்பாக விழுந்துவிட்டதே" என்று சண்டைக்கு வருவதும் இல்லை.

ஜபல்பூரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பேடாகாட். அமர்கண்டகத்தில் தோன்றி 1,312 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடிக் காம்பே வளைகுடாவில் கலக்கும் நர்மதை, இங்கே ஓரிடத்தில் ஒடுங்கிக் குதிக்கிறது. அந்த அருவிக்குத் துவாந்தார் என்று பெயர். 'துவா' என்றால் இந்தியில் புகை. விழும் நீர் புகையாய் எழும்புவதை நேரில் கண்டவர்க்கு வேறு விளக்கம் வேண்டா. அதைக் கடந்ததும் ஆறு இரு புறமும் சலவைக்கல் சுவர்கள் நிற்கும் ஆழ்ந்த பள்ளத்தினுள் புகுந்து அமைதி கொள்கிறது. வெண்மை, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று பாறைகள் நிறம் மாறும். நடுவே கருங்கோடுகள் ஓடும். பஞ்சவடிக் கட்டத்தில் படகேறினால் இவற்றினூடே சென்று வரலாம். படகோட்டிகள் இந்தியில் எதுகை மோனையோடு பாடுவது போல் வர்ணனை சொல்லுவார்கள். ராஜ் கபூர் நடித்த 'ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை' என்னும் 1960ஆம் ஆண்டுப் படத்தின் பாடற்காட்சி ஒன்று இங்கே எடுக்கப்பட்டதை அவர்கள் சொல்லத் தவறுவதேயில்லை. கங்கையின் பெயரைச் சூடிய படத்தில் நர்மதை நடித்திருக்கிறாள்! 2021ஆம் ஆண்டு இவ்விடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

2019 ஜனவரியில் ஒரு ஞாயிறன்று முதன்முறையாக அன்னையாருக்கென்று படம் பிடிக்கப் புறப்பட்டோம். இல்லத்தரசியும் மகளும் உடன் வந்தனர். சமையல் முடித்துப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. கண்ணைக் கூசவைக்கும் வெண்பாறைகள். அறுபது எழுபது படங்கள் எடுத்தோம். வீட்டிற்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தால், பாறைகள் அத்தனையும் சிமெண்டுக் கிடங்குச் சுவர்போல் சாம்பல் நிறம்!

இதன் காரணம் பின்னரே விளங்கிற்று. காமிராவினுள் உள்ள ஒளிமானிக்கு வெள்ளை எது, கறுப்பு எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெண்பாறையைக் கண்டதும், 'அடடா, ஒளி மிகுதி' என்று கருதிக் குறைத்துவிடுகிறது. வெண்பொருளைப் படம் பிடிப்பவர், மானி சொல்வதற்கு மேல் ஒரு படியோ ஒன்றேகால் படியோ ஒளியைக் கூட்டித் தர வேண்டும். அதிலும் அளவு வேண்டும். கூடிவிட்டால் அருவியின் நுரை வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். குமாஸ்தாவுக்கு இது புதிதன்று. படிவத்தில் உள்ள கட்டத்திற்குள் அடங்காத மனுவை எப்படியேனும் கட்டத்திற்குள் அடக்குவதுதானே அலுவலகக் கணக்கும்!

ஆனால் அன்று நாம் அப்படி எண்ணவில்லை. குற்றம் லென்ஸின்மேல் என்று முடிவு கட்டினோம். அகன்ற கோணமுள்ள 11-16 மி.மீ. லென்ஸ் இருந்தால் அருவி, பாறை, வானம் எல்லாம் ஒரே படத்தில் அடங்குமே என்ற ஆசை பற்றிக்கொண்டது. நகரில் ஒருவர் அத்தகைய பழைய லென்ஸைப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு விற்பதாகக் கேள்விப்பட்டோம். அன்னையாரை வாடகைக் காரும் துணையாளுமாக அழைத்து வருவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகை பீரோவில் அப்படியே இருந்தது. 'அவரோ இனி வரப் போவதில்லை. அவருக்காகத்தானே வாங்குகிறோம்' என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிட்டோம். இல்லத்தரசி ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "அத்தை கேட்டது நர்மதையை, கண்ணாடியையா கேட்டார்கள்?"

லென்ஸை மாட்டிப் பார்த்தால் தானாகக் குவியவில்லை. நம் வகைக் காமிராவின் உடலில் குவிக்கும் மோட்டார் கிடையாது. நாம் வாங்கிய பழைய வார்ப்பு லென்ஸிலும் கிடையாது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நல்லவேளையாக, நிலக்காட்சிக்கு இது பெருங்குறையன்று. 11 மி.மீட்டரில் துவாரத்தை எட்டில் வைத்து, முக்கால் மீட்டருக்குச் சற்று அப்பால் கையாலேயே குவித்துவிட்டால், காலடிக் கல் முதல் அடிவானம் வரை தெளிவாக விழும். மற்றொரு செலவுதான் நம்மை வாட்டியது. பழைய லென்ஸின் முகம் 52 மி.மீ.; புதியதன் முகம் 77 மி.மீ. முன்பு வாங்கிய பில்டர்கள் ஒன்றும் பொருந்தவில்லை. ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை மீண்டும் வாங்கினோம். அதன் விலையை இல்லத்தரசியிடம் இன்றுவரை சொல்லவில்லை. (இம்மாத இதழ் வீட்டிற்கு வந்ததும் தெரிந்துவிடும்.)

ஏப்ரலில் இரண்டாம் படையெடுப்பு. துவாந்தார் எதிரே தாங்கியை நட்டோம். அருவியின் அதிர்ச்சியில் பாறையே லேசாக நடுங்குவது தாங்கியின் காலில் கை வைத்தால் தெரிகிறது. எடை குறைந்த தாங்கி அதற்கு ஈடு கொடுக்கவில்லை. தோற்பையை அதன் நடுக்கம்பியில் தொங்கவிட்டபின் சற்றே அடங்கிற்று. நீர்த்திவலைகளோ நொடிக்கு நொடி லென்ஸின் முகத்தில் வந்து அமர்ந்தன. அகலக்கோண லென்ஸில் துவாரத்தையும் சிறிதாக்கினால், முகத்திலுள்ள ஒவ்வொரு துளியும் படத்தில் கறையாகத் தெரியும். பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுத்து, மறு துளி விழுவதற்குள் விசையை அழுத்தினோம். இன்னும் சற்று முன்னே போகலாம் என்று கம்பி வேலியைத் தாண்டி ஒரு காலை வைத்தபோது, மாக்கல் சிலை விற்பவர் ஒருவர் உரக்கக் கத்தினார். நம்மூரில் கல்சட்டி செய்கிறார்களே, அவ்வினக் கல்லில் இங்கே சிவலிங்கமும் பிள்ளையாரும் செதுக்கி விற்கிறார்கள். அவர் கத்தியிராவிட்டால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. வேலிக்கு அப்பால் பாறை எண்ணெய் தடவினாற்போல் வழுக்குகிறது. செல்லும் அன்பர்கள் குழந்தைகளை வேலிக்கு இப்பாலேயே நிறுத்த வேண்டுகிறோம்.

ஆகஸ்டில் போனபோது அருவியையே காணோம்! மேலே பர்கி அணையின் மதகுகள் திறந்திருந்தன. வெள்ளம் பெருகி, மேல்மட்டமும் கீழ்மட்டமும் ஒன்றாகிச் செந்நீர் கரைபுரண்டோடிற்று. குதிக்க இடமில்லாத அருவி எங்கே தெரியும்? படகுகளும் கரையேற்றிக் கிடந்தன. காமிராவைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பினோம். பதினெட்டாயிரம் ரூபாய் லென்ஸ் பேருந்தில் மடிமேல் கனத்தது.

டிசம்பரில் முதன்முறையாக விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். மகளுக்குப் பள்ளி, ஆகையால் நாம் மட்டுமே. பஞ்சவடிக் கட்டத்துப் படிகளில் ஆளரவம் அதிகமில்லை. நீரின்மேல் பனிமூட்டம் ஒரு முழ உயரத்திற்குப் படர்ந்திருந்தது. சூரியன் நேரே படாததால் பாறைகள் தம் இயல்பான நிறங்களைக் காட்டின. உச்சிவெயிலில் ஒரு நாளும் காணாத இளஞ்சிவப்பு அன்று எங்கும் இருந்தது. ஓடும் படகில் தாங்கி பயன்படாது என்பதால், ஒளி வேகத்தை 400க்கு உயர்த்தி, நொடியில் 250இல் ஒரு பங்கில் கையால் எடுத்தோம். பின்னர் துவாந்தாருக்குச் சென்று, கறுப்புக் கண்ணாடி மாட்டி, நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதுமான இடத்தில் இரண்டு நொடி நேரம் திறந்து வைத்து, நீர் பட்டுபோல் வழியும் படங்களை எடுத்தோம். இவையே நம் தலைசிறந்த படங்கள் என்று மகிழ்ந்தோம்.

இடையில் ஒன்று. படகிலிருந்து இறங்கியபோது, நர்மதையை வலம் வரும் யாத்திரிகர் சிலர் படியில் இருந்தனர். ஆற்றை எப்போதும் வலப்புறம் கொண்டு, குறுக்கே கடக்காமல், கால்நடையாகவே சுற்றி வருபவர்கள் அவர்கள். அவர்களுள் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், கடைசிப் படியில் அமர்ந்து பித்தளைச் செம்பில் நீர் மொண்டுகொண்டிருந்தார். "நர்மதே ஹர்" என்று வணங்கி, படம் எடுக்கலாமா என்று சைகையால் கேட்டோம். தலையசைத்தார். கையில் அப்போது பழைய 18-55 லென்ஸே இருந்தது. ஒரே ஒரு படம். மானி காட்டியதற்கு மேல் ஒரு படி கூட்டினோம். பனியையும் அது வெள்ளைப் பாறையைப் போலவே தவறாகக் கணிக்கும்.

மூன்று படங்களைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குல அளவில், பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டு ஊருக்கு அனுப்பினோம். அகலக்கோணப் படம் ஒன்று, இரண்டு நொடி அருவி ஒன்று, இடம் மிஞ்சியதால் அந்தச் செம்புக்கார அம்மையார் ஒன்று. ஐந்தாம் நாள் இரவு அன்னையார் பேசினார்.

"பெரிய படத்தில் வானமும் பாறையும் நிறைய இருக்கிறது. அருவி எங்கே, தம்பி? மூலையிலே குழாய் ஒழுகுகிற மாதிரி ஒன்று தெரிகிறதே, அதுவா?"

அகன்ற கோணம் எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். தொலைவில் உள்ளதைச் சிறியதாக்கிவிடும். அன்னையார் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"இன்னொன்று பால் பொங்கி வழிகிறாற்போல் இருக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் இப்படியா ஓடும்?"

இரண்டு நொடி அருவியும் போயிற்று.

"அந்தப் பாட்டி செம்பிலே மொள்ளுகிறாளே, அதைத்தான் சுவாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். படி தெரிகிறது, தண்ணீர் தெரிகிறது. காலை நீட்டினால் நனைந்துவிடும் போலிருக்கிறது. விளக்கேற்றிவிட்டு அதைத்தான் பார்க்கிறேன்." சற்றுப் பொறுத்து, "நீ அந்தப் படியில் இறங்கிக் குளித்தாயோ?" என்றார்.

"இல்லை அம்மா. காமிரா நனைந்துவிடுமே."

"எத்தனை தடவை போனாய்?"

"நாலு தடவை."

"நாலு தடவை போயும் காலைக்கூட நனைக்கவில்லையா?"

நாம் மறுமொழி சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த இல்லத்தரசி ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அகலக்கோண லென்ஸையும் 77 மி.மீ. கண்ணாடியையும், மோட்டார் உள்ள காமிரா வைத்திருந்த ஓர் இளைஞருக்குப் பதினாலாயிரத்திற்குக் கொடுத்துவிட்டோம். நட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க மனமில்லை. பணம் மீண்டும் பீரோவுக்குப் போயிற்று.

மறு ஞாயிறு விடியலில் மூவருமாகப் பஞ்சவடிக் கட்டத்திற்குச் சென்றோம். காமிராப் பையை இல்லத்தரசியின் மடியில் வைத்துவிட்டு, இடுப்பளவு நீரில் இறங்கினோம். மார்கழி மாதத்து நர்மதை எலும்புவரை குளிர்ந்தது. மகள் படியில் நின்றபடி கைதட்டிச் சிரித்தாள். நாம் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டோம். பிறகு இல்லத்தரசி இறங்கினாள், பையை நாம் பிடித்துக்கொண்டோம். கையோடு கொண்டு போன பித்தளைச் செம்பில் நீர் மொண்டு, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் மெழுகு உருக்கி ஊற்றினோம். 2020 பொங்கலுக்குப் பாஸில் ஊர் சென்றபோது, அந்தச் செம்பு இரண்டு இரவுகளும் நம் தலைமாட்டிலேயே பிரயாணம் செய்தது.