முட்டுக்காட்டுக்குச் செல்லும் வழி

பழைய மகாபலிபுரம் சாலையில் பயணம் செய்வோர்க்குச் சிறுசேரி என்றதும் நினைவுக்கு வருவன சிப்காட் வளாகத்தின் கண்ணாடி மாளிகைகளே. அவற்றிற்கு அருகிலேயே ஊரின் பழைய தெருக்களும் உள்ளன. அங்கு ஒரு வீட்டை நாம் சந்திக்கச் சென்றபோது, பெருமூளை வாதத்தால் தசைகள் இறுகிய தம் மகனுக்கு ஒரு தாய் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். இரு சுவர்கள் கூடும் மூலையில், இருபுறமும் தலையணை அணைத்து, அவனை நிமிர்த்தி அமர்த்தியிருந்தார்.

"முன்பெல்லாம் மடியில் கிடத்தித்தான் ஊட்டுவேன், சாமி. ஒவ்வொரு வாய்க்கும் புரையேறும். தலை பின்னே சாயாமல் சற்று முன்குனிந்திருக்க வேண்டுமாம். நீர்க்கஞ்சியைவிடக் குழைந்த கஞ்சி இவனுக்கு எளிது. உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை" என்றார். சிறுவன் தானே பற்றும்படி, கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தார். இவற்றை எங்கே கற்றீர்கள் என வினவினோம். "முட்டுக்காட்டில், என்னைப் போன்ற இன்னொரு தாயிடம்" என்றார்.

அவ்விடத்தைக் காணப் புறப்பட்டோம். சிறுசேரிக்குத் தெற்கே கேளம்பாக்கம். அங்கிருந்து கிழக்கே திரும்பும் சாலை உப்பங்கழியைக் கடந்து கோவளத்தை அடைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்று வடக்கே சென்றால் முட்டுக்காடு. 2005-ஆம் ஆண்டு நடுவண் அரசு நிறுவிய, பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் இங்குள்ளது. இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி யாவும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன.

வல்லுநர் அறைக்குள் கற்பிப்பது ஒரு பாதி. காத்திருக்கும் பெஞ்சில் தாய்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மறுபாதி. சட்டை அணிவிக்கையில் இயங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது அதையே கடைசியில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் குவளையின் விளிம்பில் மூக்கு படுமிடத்தை வெட்டி, முனையை மழுக்கிவிட்டால், தலையை அண்ணாக்காமலே குழந்தை நீர் அருந்தும். புரையேறுவது ஓயாவிடில் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

இத்தகைய அறிவு சிறிதென்று எண்ணற்க. சென்னையில் 1985-இல் தொடங்கிய 'வித்யா சாகர்' பள்ளியை நிறுவிய பூனம் நடராஜனும் பெருமூளை வாதமுற்ற மகனைப் பேணிய தாயே.

"எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்பதே பெற்றோரை உறங்கவிடாத கேள்வி. இதற்கும் வழியுண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர்க்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரைப் பெறலாம். பதினெட்டு வயது நிறைந்தபின் பெற்றோரும் இவ்வாறே நியமனம் பெற வேண்டும் என்பதைப் பலர் அறியார்.

முட்டுக்காடு எல்லோர்க்கும் அருகிலில்லை. ஆனால் அந்தப் பெஞ்சு எந்தப் பங்கிலும் இருக்கலாம். நம் அன்பியத்தில் இத்தகைய குழந்தையுள்ள வீடு எது, அதன் கதவை நாம் கடைசியாகத் தட்டியது எப்போது? மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின், இரு தாய்மாரை ஒரு மர நிழலில் அமர்த்துவோம். அவர்கள் பேசி முடிக்கும்வரை பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வோம்.