விரல் கற்பித்த பாடம்

ஆதிச்சநல்லூர் பொருநையாற்றின் கரையில் அமைந்த சிற்றூர். ஊரையடுத்துப் பரம்பு என்று நாங்கள் வழங்கும் மேட்டுநிலம் 114 ஏக்கர் அளவில் பரந்து கிடக்கின்றது. 1899-ஆம் ஆண்டு முதலாக அலெக்சாண்டர் ரீ என்பார் அம்மேட்டை அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளையும், இரும்புப் படைக்கலங்களையும், வெண்கலக் கலங்களையும், பொன்னாலாகிய நெற்றிப் பட்டங்களையும் வெளிப்படுத்தினார். இன்று தாழிகள் சிலவற்றை அவை கிடந்த இடத்திலேயே கண்ணாடியின் வழியாகக் காணலாம். அவற்றைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் ஒரு வினா எழும். வாளும் வேலும் மண்ணில் எஞ்சின. இம்மக்கள் பாடிய பாட்டு எங்கே போயிற்று? இவ்வினாவுக்கு விடையை, என் அறுபத்தாறாம் வயதில், என் பேரனின் கிட்டார் எனக்குக் கூறிற்று.

தூத்துக்குடியில் கல்லூரியிற் பயிலும் என் மகள் வயிற்றுப் பேரன் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்திற்கு வந்தான். நாள்தோறும் காலையில் திண்ணையில் அமர்ந்து, ஒரே வகையான ஒலிகளை மேலும் கீழுமாக மீட்டிக்கொண்டிருப்பான். அருகில் கைப்பேசி ‘டிக் டிக்’ என்று காலம் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழிந்தும் பாட்டு வாராது.

“ஐயா, பாட்டு எப்போது தொடங்கும்?” என்று ஒருநாள் நகைத்துக் கேட்டேன்.

அவன் சினவாமல், “தாத்தா, இது பென்டடானிக் பயிற்சி. நீங்கள் பொருள் விளங்குமுன்னே நன்னூற் சூத்திரங்களை நெட்டுருச் செய்ததாகக் கூறுவீர்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான்” என்றான். யான் மறுமொழி கூற இயலாது அவன் அருகில் அமர்ந்தேன்.

கிட்டாரில் ஆறு தந்திகள் உண்டு. வீணையில் உள்ளவாறே மெட்டுக்களும் உண்டு. தந்தியை ஒரு மெட்டில் அழுத்தினால் ஓர் ஒலி பிறக்கும். அடுத்த மெட்டில் அதனினும் அரைச்சுரம் உயர்ந்த ஒலி பிறக்கும். இவ்வாறு ஒரு ஸ்தாயியில் 12 ஒலிகள் அமைகின்றன. அவற்றுள் ஐந்தினை மட்டும் தெரிந்தெடுத்து இசைப்பதே பென்டடானிக் என்பது. பேரன் ஐந்தாம் மெட்டில் சுட்டுவிரலை நிறுத்தி, தந்தி ஒன்றுக்கு இரண்டு ஒலியாக ஆறு தந்திகளிலும் ஏறி இறங்குவான். அவ்வடிவம் கைவந்ததும் கையைச் சிறிது நகர்த்தி அடுத்த வடிவத்தைத் தொடங்குவான். இங்ஙனம் வடிவங்கள் ஐந்து. ஒன்று முடியும் ஒலியிலேயே மற்றொன்று தொடங்குகின்றது. அந்தாதிச் செய்யுளைப் போன்ற அவ்வமைப்பைக் கண்டு வியந்தேன்.

ஐந்து என்ற எண் என்னைத் தமிழிசைக்கு ஈர்த்துச் சென்றது. ஏழு நரம்பால் ஆகியதைப் பண் என்றும், ஆறால் ஆகியதைப் பண்ணியற்றிறம் என்றும், ஐந்தால் ஆகியதைத் திறம் என்றும் முன்னோர் வகுத்தனர். நரம்பு என்னும் சொல் யாழின் தந்தியையும் குறித்தது. அதில் எழும் சுரத்தையும் குறித்தது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், மாதரி ஏழு மகளிரை நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிடுகின்றாள். அக்குரவையில் வரும் முல்லைப்பண் இன்றைய மோகனமே என்பது இசையறிஞர் பலர் கருத்து. இவற்றையெல்லாம் யான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் எடுத்துரைத்தவன்.

அவ்வாறு உரைத்த நாள்களுள் ஒன்றை மட்டும் மறக்க இயலவில்லை. ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்தப் பண் எப்படி இருக்கும்? பாடிக் காட்டுங்கள்” என்று கேட்டான். எனக்குப் பாடத் தெரியாது. ‘அறியேன்’ என்று கூறியிருக்கலாம். கூறினேனில்லை. “இது தமிழ் வகுப்பு, பாட்டு வகுப்பன்று, உட்கார்” என்று அதட்டினேன். அவன் தலைகுனிந்து அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறொரு வினாவும் கேட்கவில்லை.

ஒருநாள் மாலை, நூலிற் படித்த முறையொன்று நினைவுக்கு வரப் பேரனிடம், “நீ தொடங்கும் முதல் ஒலியை விட்டு, இரண்டாம் ஒலியைக் குரலாகக் கொண்டு இசை. சுற்றிச் சுற்றி அதிலேயே வந்து நில்” என்றேன். அவன் எட்டாம் மெட்டில் சுண்டுவிரலை ஊன்றித் தொடங்கினான். ஒலிகள் அவையே, மெட்டுக்களும் அவையே. ஆயினும் சுவை முற்றும் மாறிற்று.

“தாத்தா, முன்னே வாசித்தது சுத்த தன்யாசி, இது மோகனம்” என்றான்.

கோயில் நாகசுரத்தில் இளமை முதல் யான் கேட்டு மகிழ்ந்த இசை அது! பெயரறியாது கேட்ட ஒலியும், ஒலியறியாது கற்பித்த பெயரும் அன்றுதான் ஒன்றாயின. எஞ்சிய மூன்று ஒலிகளையும் முறையே குரலாக்க, மத்தியமாவதியும் இந்தோளமும் சுத்த சாவேரியும் பிறந்தன. ஐந்து ஒலிகளில் ஐந்து இராகங்கள்! சீனத்தின் பழம்பாடல்களிலும் ஸ்காட்லாந்தின் நாட்டுப் பாடல்களிலும் இவ்வைந்தொலி அமைப்பு உண்டு என்பதையும் அவனே கூறினான்.

மறுநாள் முதல் யான் அவனுக்கு மாணாக்கனானேன். விரல் நுனி கன்றிச் சிவந்தது. சுண்டுவிரல் சொன்ன சொற் கேளாது. விரைந்து மீட்ட முயன்றபோதெல்லாம் அவன், “மெல்ல, தாத்தா. பிழையோடு நூறு முறை வாசித்தால் பிழைதான் கைக்குப் பழகும்” என்று தடுத்தான். விடுமுறை முடிவதற்குள் முதல் வடிவம் ஒன்றே எனக்குக் கைவந்தது.

பாட்டைத் தாழியில் இட்டுக் காக்க இயலாது. அது கையிலிருந்து கைக்கும், வாயிலிருந்து செவிக்கும் செல்லுமளவே வாழும். ஒரு தலைமுறை கைவிட்டாலும் மறையும். பழந்தமிழர் மீட்டிய யாழ் அங்ஙனமே வழக்கொழிந்தது. அதன் இயல்பை மீட்டறிய, கணிதமும் அறிவியலும் வல்ல விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947-ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளியிட நேர்ந்தது.

மாணவர்களே! நூலிற் கற்றதைச் செவியாலும் கையாலும் கற்க முயலுங்கள். அறியாததை அறியேன் என்று கூற நாணாதீர்கள். அன்று யான் அதட்டிய மாணவன் இன்று எங்குள்ளானோ! அவன் வந்து மீண்டும் கேட்பானாயின், திண்ணையில் அமர்த்தி, எட்டாம் மெட்டில் சுண்டுவிரல் ஊன்றி இசைத்துக் காட்டுவேன். இடையே விரல் தவறினால், தவறிற்று என்று சொல்லி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவேன்.