உள் பேடு, வெளிப் பேடு

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டர் சொச்சம். ஆட்களும் மூட்டையுமாக 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் அந்த மலையை இறங்கி முடிப்பதற்குள், ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தியை எங்கேயாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். இரண்டாவது கியரில் நிதானமாக இறங்குகிறவர் வண்டியில் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர் வண்டியில் எல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். அதிலும் அதிகச் சுமை முன் சக்கரங்களுக்கு. உள்ளங்கையில் அடங்குகிற நான்கு பிரேக் பேடுகள் அந்தச் சூட்டைத் தாங்குகின்றன.

நான்கும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் பட்டறையில் வேலை சுலபம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி அனுப்பிவிடலாம். ஆனால் ஒன்று இரும்புத் தகடு வரைக்கும் போயிருக்க, அதே சக்கரத்தில் அதற்கு எதிரே இருப்பது பாதிகூடத் தேயாமல் இருந்தால், அங்கே வேறு ஏதோ கோளாறு இருக்கிறது. மாட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் உண்டு. ஏன் இப்படித் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பவர்கள் குறைவு. அப்படிப்பட்ட ஒருவரின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான், மே மாத சீசன் முடிந்த கையோடு மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை ஒட்டியிருக்கும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு கார் நிற்கலாம், மூன்றாவது வேப்பமரத்தடியில்தான். மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். அம்பாசிடரில் தொழில் பழகியவர். கூடவே, ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞர். மேஸ்திரி அவரைத் ‘தம்பி’ என்கிறார், அவர் மேஸ்திரியை ‘அண்ணா’ என்கிறார்.

நான் போனபோது கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு வாடகைக் கார் ஜாக்கியில் ஏறியிருந்தது. ஓட்டுநரே உரிமையாளர். பிரேக் மிதித்தால் ‘கர்ர்’ என்று இரும்பு உரசும் சத்தம். இத்தனைக்கும் பேடு மாற்றி நாலு மாதம்தான் ஆகியிருந்தது, வேறொரு பட்டறையில். அதற்கு முந்தைய செட்டும் இதே மாதிரி சீக்கிரமே போய்விட்டதாம். “நல்ல கம்பெனி பேடுதானுங்கண்ணா போடச் சொன்னேன். டூப்ளிகேட்டைப் போட்டுட்டாங்க போல” என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். மேஸ்திரி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றியதும் முதல் காரியமாகத் தம்பியிடம் சாக்பீஸ் கேட்டார்.

கழற்றிய ஒவ்வொரு பேடின் முதுகுத் தகட்டிலும் எழுதினார்: இ.உ., இ.வெ., வ.உ., வ.வெ. இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி. பழைய தினத்தாளைத் தரையில் விரித்து, வண்டியில் இருந்த அதே வரிசையில் நான்கையும் வைத்தார். வலது பக்கத்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. இடது உள் பேடில் உராயும் பொருள் என்று எதுவுமே மிச்சமில்லை, வெறும் தகடு. இடது வெளிப் பேடில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒரு முனையில் 7 மில்லிமீட்டர், மறுமுனையில் 5.

“பேடு டூப்ளிகேட்டா இருந்தா நாலும்ல போயிருக்கணும்? ஒண்ணு மட்டும் எப்படிங்க போகும்?” என்று அப்போதுதான் ஓட்டுநருக்குப் பதில் சொன்னார்.

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன் பிரேக்கில், பேடுகளை அழுத்தும் கேலிப்பருக்குள் இருப்பது ஒரே ஒரு பிஸ்டன். அது உள்பக்கம் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் உள் பேடை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் மீது தள்ளும். அது டிஸ்க்கில் முட்டியதும் மேற்கொண்டு போக இடமில்லாமல், கேலிப்பரின் உடம்பே எதிர்த்திசையில் நகரும். நகரும்போது வெளிப் பேடை இழுத்துக்கொண்டு வந்து டிஸ்க்கின் மறுபக்கத்தில் அழுத்தும். அப்படி நகர்வதற்காகத்தான் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பின்கள். அவை ரப்பர் உறைக்குள், கிரீஸ் பூசிய துளைக்குள் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். பின் ஜாம் ஆனால் கேலிப்பர் நகராது. பிஸ்டன் மட்டும் உள் பேடைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டியது போல உள் பேடு தேய்ந்து தீரும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அலாய் வீலின் இடைவெளி வழியாகக் குனிந்து பார்க்கும் உரிமையாளருக்குத் தெரிவது வெளிப் பேடு மட்டும்தான். அது தடிமனாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். உள் பேடு டிஸ்க்குக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. பேடு தீரப்போகும்போது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடுவதற்கென்று ஒரு சிறு எஃகுத் தகடு உண்டு. பல கார்களில் அதையும் உள் பேடில்தான் வைத்திருப்பார்கள். இந்த வண்டியில் போட்டிருந்த பேடில் அந்தத் தகடே இல்லை. அந்த மட்டுக்கும் ஓட்டுநரின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

உள் பேடு தேய்ந்ததற்கு இந்தப் பின்கள்தான் காரணம் என்று மேஸ்திரி உடனே முடிவுக்கு வந்துவிடவில்லை. பிஸ்டன் திரும்பிப் போகாமல் நின்றுவிட்டாலும் உள் பேடுதான் தேயும். ஒரு பழைய பேடைப் பிஸ்டன் மீது வைத்து, சி-கிளாம்ப்பால் மெதுவாக நெருக்கினார். அதற்கு முன் பிளீடர் நிப்பிளில் டியூபைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, நிப்பிளைத் திறந்துவைத்தார். கேலிப்பருக்குள் கிடக்கும் அழுக்கு ஆயில் மேலே ஏறி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. பிஸ்டன் தடையில்லாமல் உள்ளே போனது. அதைச் சுற்றியிருக்கும் தூசி ரப்பரும் கிழியாமல் இருந்தது. ஆக, பிஸ்டன் மேல் குற்றமில்லை.

பிறகு பின்களுக்கு வந்தார். மேல் பின் விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. கீழ்ப் பின் அசையவில்லை. பிளையரால் பிடித்துத் திருகித் திருகி வெளியே எடுத்தபோது, அதன் நுனியில் இருந்த ரப்பர் புஷ் உப்பிப்போய்ப் பிசுபிசுவென்று கிடந்தது. மேஸ்திரி அதில் ஒட்டியிருந்த கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். “வீல் பேரிங்குக்கு வைக்கிற கிரீசுங்க இது.” பெட்ரோலியம் கலந்த சாதாரண கிரீஸ் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் போன்ற, பிரேக்குக்கென்று செய்த கிரீஸ்தான் அங்கே வைக்க வேண்டும். முன்பு பேடு மாற்றியவர் சோம்பேறித்தனத்தால் எதையும் விட்டுவிடவில்லை. பின்னைக் கழற்றித் துடைத்து, அக்கறையாகத்தான் கிரீஸ் வைத்திருக்கிறார். வைத்தது தப்பான கிரீஸ். ஒரு பின் ஓடி ஒரு பின் நின்றதால் கேலிப்பர் சாய்வாக இழுத்திருக்கிறது. வெளிப் பேடு ஒரு முனையில் 7, மறுமுனையில் 5 என்று ஆப்பு மாதிரி தேய்ந்ததற்கு அதுதான் காரணம்.

தம்பி இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டே காற்றுக் குழாயை எடுத்துக் கேலிப்பர் பக்கம் நீட்டினார். மேஸ்திரி கையைத் தட்டிவிட்டார். “தண்ணி ஊத்திக் கழுவு. எத்தனை தடவை சொல்றது?” அம்பாசிடர் காலத்து லைனிங்கில் கல்நார் இருந்தது. அதன் இழை நுரையீரலுக்குள் போனால், பத்து இருபது வருடம் கழித்துக்கூட நோயாக வந்து நிற்கும், புற்றுநோய் உட்பட. இன்றைக்குப் பெட்டியின் மேலேயே கல்நார் இல்லை என்று அச்சடித்து விற்கிறார்கள். ஆனால் பேர் தெரியாத பேடுக்குள் என்ன இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தருவது? கல்நார் இல்லாத தூசியும் மூச்சுக்கு நல்லதல்ல. காற்றடித்தால் ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை, சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவினால் பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷம் அந்த இளைஞரின் நெஞ்சுக்காகச் செலவாகிறது. நான் பார்த்த பட்டறைகள் பலவற்றில் காற்றுத்தான் அடிக்கிறார்கள், முகக்கவசம்கூட இல்லாமல். இதை மாற்றியே ஆக வேண்டும்.

பேடின் இரு காதுகள் உட்காரும் பிராக்கெட்டில் துரு ஏறியிருந்தது. மலையின் ஈரத்தில் இது சகஜம். அரத்தால் துருவை எடுத்து, புதுக் கிளிப் மாட்டி, புதுப் பேடைச் செருகி, ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. துரு அடியில் இருக்கும்போதே பேடைச் சுத்தியலால் தட்டி ஏற்றுகிற வழக்கம் உண்டு. அப்படி ஏற்றிய பேடு திரும்பி வராமல் டிஸ்க்கில் உரசிக்கொண்டே ஓடும். கீழ்ப் பின்னுக்குப் புது ரப்பர் புஷ். துளையைத் துணி சுற்றிய குச்சியால் துடைத்து, கிரீஸை மெல்லிசாகப் பூசினார். அதிகம் வைத்தால் உள்ளே காற்று அடைபட்டு, பின் வெளியே தள்ளிக்கொண்டு வருமாம். டிஸ்க்கின் உள் முகத்தில் விரல் நகம் இடறும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. தடிமனை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டதைக் காட்டி, இரண்டு பக்கமும் டிஸ்க் மாற்றச் சொன்னார். ஓட்டுநர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார்.

அதற்குள் வேப்பமரத்தடிக்கு ஒரு பழைய ஹேட்ச்பேக் வந்து நின்றது. அதன் கதை வேறு மாதிரி. இடது முன் சக்கரம் சூடாகி வாடை அடிக்கிறது, அந்தப் பக்கத்துப் பேடு மட்டும் உள்ளும் வெளியுமாக இரண்டும் தேய்ந்திருக்கின்றன. வலது பக்கம் ஏறக்குறைய புதுசு. மேஸ்திரி சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார், இறுக்கமாக இருந்தது. பிளீடர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்தார். ஆயில் பீறிட்டது, சக்கரம் அந்த நொடியே லேசாகச் சுற்றியது. நிப்பிளைத் திறந்தும் விடாமல் பிடித்திருந்தால் பின்னோ பிஸ்டனோ ஜாம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். திறந்ததும் விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே சிக்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். இங்கே குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள் அடுக்கு உரிந்து வால்வு மாதிரி ஆகிவிட்டது. கால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்ப வழியில்லை. பேடு மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் அந்தச் சூட்டில் மலை இறங்கும்போது ஆயில் கொதித்திருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 140 டிகிரியே அதற்கு எல்லை. கொதித்தால் குழாய்க்குள் ஆவி. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

சென்னை பாடியில் 1962இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கிய காலத்திலிருந்து பிரேக் சாமான் செய்வதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு. அந்தப் பொருள் சக்கரத்தில் சரியாக வேலை செய்கிறதா என்று கடைசியாகப் பார்க்கும் கைக்குப் பெயரும் இல்லை, கூலியும் சரியாக இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மேஸ்திரியிடம் இதைக் கேட்டேன்.

“பேடு ரேட்டு கேட்டா பெட்டியைக் காட்டலாமுங்க. பாத்துக் கண்டுபுடிச்சதுக்கு என்னத்தைக் காட்டறது? லேபர்னு எழுதுனா, நாலு நட்டைக் கழட்டி மாட்டுனதுக்கு இவ்வளவான்னு கேக்கறாங்க. அதனால நிறையப் பேரு பாக்கறதே இல்லைங்க. மாட்டி அனுப்பிச்சுடறாங்க. நாலு மாசத்துல திரும்பவும் ஒரு செட்டு விக்குமில்லைங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது. காரணத்தைத் தேடுகிறவருக்கு நஷ்டம், தேடாதவருக்கு அடுத்த விற்பனை என்று ஒரு தொழில் இருந்தால், அதன் விலையை மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்குகிறவர்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வண்டி விட்ட இடத்தில் பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான்கும் ஒன்றுபோல இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்கிறவரிடம் லேபரில் பேரம் பேசாதீர்கள்.

சாயங்காலம் வாடகைக் கார் தயாரானது. நகர்த்துவதற்கு முன் தம்பி பெடலை நாலைந்து முறை பம்ப் செய்து, கெட்டியானதைப் பார்த்துக்கொண்டார். பிஸ்டனை உள்ளே தள்ளிய பிறகு இதைச் செய்யாமல் எடுத்தால் முதல் மிதி வீணாய்ப் போகும். மேஸ்திரி ஓட்டுநரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்லார் வரை போய்த் திரும்பினார். வழியில் சில தடவை மிதமாக மிதித்துப் புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்கினார். வந்ததும் இரண்டு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிச் சூட்டை ஒப்பிட்டார். இரண்டும் ஒரே அளவு.

பில்லில் பேடு, டிஸ்க், புஷ், கிளிப், ஆயில் எல்லாவற்றுக்கும் கீழே ‘செக்கிங்’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. ஓட்டுநர் அந்த வரியில் ஒரு கணம் நின்றார். பிறகு முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, தினத்தாளில் கிடந்த பேடுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஸ்டாண்டில் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

“தாராளமா எடுத்துக்கங்க” என்றார் மேஸ்திரி. “சாக்பீஸ் அழியாமப் பாத்துக்கங்க. எது உள், எது வெளின்னு தெரியலைன்னா காட்டியும் பிரயோசனமில்லைங்க.”