திரியும் சட்டையும்

பள்ளிச் சிறுமியர் பூப்பந்து ஆடுவதற்கு ஏற்ற ஒரு சட்டையைத் தேர்ந்தெடுக்க, தலைமையாசிரியர் ஒருவருக்கு ஏறக்குறைய ஈராண்டுக் காலமும் ஒரு நல்ல ஆட்டக்காரியின் இழப்பும் தேவைப்பட்டன என்று சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். சிலப்பதிகாரத்தில் ஆடையணிகளைப் பற்றி வரும் பகுதியை மணிக்கணக்காக விளக்கத் தெரிந்த எனக்கு, என் மாணவி உடுத்த வேண்டிய ஆடையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மலேசியத் தமிழர்களாகிய நாம் பூப்பந்து என்று வழங்கும் ஆட்டத்தைத் தமிழகத்தில் இறகுப்பந்து என்பார்கள். அங்கே பூப்பந்து என்றால் கம்பளி நூலால் ஆன பந்தை வைத்து ஆடும் வேறோர் ஆட்டம். தஞ்சை அரச குடும்பத்தார் தோற்றுவித்தது என்பர். நான் நம் வழக்கையே கைக்கொள்கிறேன்.

என் இளமை கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் கழிந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த செம்மண் தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, இரண்டு கம்பங்களுக்கிடையே பழைய மீன்வலையைக் கட்டி ஆடுவோம். காற்றடித்தால் இறகு தன் விருப்பம்போல் போகும். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு அடிக்க வேண்டும். உடை என்று தனியாக எதுவுமில்லை. பள்ளிக்கால் சட்டையும் பனியனும்தான். பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும் என் தந்தையார் முற்பகலிலேயே தொப்பலாக நனைந்து வருவார். அவர் கழற்றிக் கொடியில் போடும் சட்டை காய்ந்ததும், முதுகுப் பக்கத்தில் உப்பு வெண்கோடுகளாய்ப் படிந்திருக்கும். "பருத்திதாண்டா உடம்புக்கு நல்லது, வேர்வையைக் குடிக்கும்" என்பார். அவர் சொன்னதில் பிழையில்லை. திறந்த வெளியில், மரங்களுக்கிடையே காற்று வீசும் இடத்தில் உழைத்தவர் அவர். ஆனால் நானோ அந்தச் சொல்லை எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய விதியாகக் கொண்டு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன்.

அக்காலத்து வீரர்களின் படங்களைப் பாருங்கள். சிரம்பானில் பிறந்த நம் பஞ்ச் குணாளன், 1971இல் இங் பூன் பீயோடு இணைந்து அனைத்து இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றவர்; 1974இல் அதே போட்டியின் ஒற்றையர் இறுதி ஆட்டத்தில் ருடி ஹர்தோனோவை எதிர்த்து நின்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. வெண்மைதான் அன்று அந்த ஆட்டத்தின் ஒழுங்கு. 1992 மே 16ஆம் நாள் ஸ்டேடியம் நெகாராவில் இந்தோனேசியாவை 3-2 என வென்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் கிண்ணம் நம் நாட்டுக்குத் திரும்பியபோது, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். விடுதிக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மூவினத்துப் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். அன்று வண்ணச் சட்டைகள் வந்துவிட்டன. ஆயினும் ஆட்டத்தைப் பார்த்தேனேயன்றிச் சட்டையைப் பார்க்கவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பின், இரத்தக் கொதிப்பைக் காரணம் காட்டி மருத்துவர் வற்புறுத்தியதால், பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய நண்பர்களோடு வாரம் இருமுறை மீண்டும் மட்டை பிடிக்கலானேன். பூப்பந்து மண்டபம் எப்படிப்பட்ட இடம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். பதினாறு இறகுகள் கொண்ட அந்தப் பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். சிறு காற்றும் அதன் வழியை மாற்றிவிடும் என்பதால் கதவுகளை அடைத்து, விசிறிகளையும் நிறுத்திவிடுவார்கள். கோலாலம்பூரின் காற்றிலோ எப்போதும் ஈரம். அடைத்த கூடத்தில் பத்துப் பேர் ஓடியாடினால் அந்த ஈரம் இன்னும் மிகும். நான் கெட்டியான பருத்திச் சட்டையும் அதனுள் பனியனும் அணிந்து ஆடினேன். அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தோளை உயர்த்தும்போதெல்லாம் துணி பிடித்து இழுக்கும். ஆட்டம் முடிந்து குளிரூட்டிய உணவுக்கடையில் உட்கார்ந்தால் உடல் நடுங்கும். ஒருநாள் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஆடி முடித்த சட்டை ஏறக்குறைய இருமடங்கு கனத்திருந்தது. தந்தையார் சொன்னது உண்மைதான். பருத்தி வேர்வையைக் குடித்திருந்தது. குடித்ததை வெளியே விடத்தான் அதற்குத் தெரியவில்லை.

வேர்வை நம்மைக் குளிர்விப்பது நனைப்பதனால் அன்று, ஆவியாவதனால். ஒரு கிராம் வேர்வை தோலின்மேல் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அரை லிட்டருக்கு மேற்பட்ட நீரை ஒரு பாகை குளிர்விக்க அது போதும். தரையில் சொட்டும் வேர்வையோ, சட்டையில் தேங்கி நிற்கும் வேர்வையோ உடலுக்கு அந்த உதவியைச் செய்வதில்லை. ஆகவே நல்ல விளையாட்டுச் சட்டையின் பணி வேர்வையைக் குடிப்பதன்று. தோலிலிருந்து இழுத்து, துணியின் வெளிப்புறத்தில் அகலப் பரப்பி, இருக்கின்ற சிறிதளவு காற்றுக்கு ஒப்படைப்பதே அதன் பணி. இதை ஆங்கிலத்தில் 'விக்கிங்' என்கிறார்கள். விக் என்றால் விளக்குத் திரி. நம் வீட்டு அகலில் எண்ணெய் மேலேறுவதும் இதே நுண்குழாய் விசையினால்தான்.

இங்கே ஒரு மாணவன் என்னை மடக்கினான். "ஐயா, திரியே பஞ்சுதானே? அப்புறம் ஏன் பஞ்சுச் சட்டை ஆகாதுன்னு சொல்றீங்க?" நல்ல கேள்வி. அன்று விடை சொல்லத் தெரியாமல், மறுநாள் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். எண்ணெய் பஞ்சிழைகளுக்கிடையே உள்ள சந்துகளில் ஏறுகிறதேயன்றி இழைக்குள் புகுவதில்லை. நீரோ இழைக்குள்ளேயே புகுந்து அதை வீங்கச் செய்கிறது, சந்துகள் குறுகுகின்றன. சாதாரணக் காற்றிலிருந்தே நூறு கிராம் உலர்ந்த பருத்தி எட்டு கிராமுக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. மேலும், திரியின் நுனியில் சுடர் இருக்கிறது. ஏறிய எண்ணெயை அது உடனுக்குடன் தீர்த்துவிடுகிறது. நம் சட்டைக்குச் சுடர் காற்றுதான். காற்றில்லாத மண்டபத்தில் பருத்தி சுடரில்லாத திரியாகிவிடுகிறது. இதைச் சொன்னபோது அந்த மாணவன் முகத்தில் தோன்றிய தெளிவு என் ஆசிரியப் பணியின் சிறு ஊதியங்களுள் ஒன்று.

இனி, சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் பெண்கள் குழு மாவட்டப் போட்டிக்கு ஆயத்தமாயிற்று. குழுவில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். தந்தை லாரி ஓட்டுநர்; தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை. அவள் கைமணிக்கட்டில் இருந்த நளினத்தை நான் அதற்குமுன் எந்தப் பள்ளிப் பிள்ளையிடமும் கண்டதில்லை. வணிகர் ஒருவர் சட்டைகளை இலவசமாகத் தர முன்வந்தார். வெள்ளை நிறம் வேண்டும் என்று கேட்டவன் நான். பஞ்ச் குணாளனின் படம் என் மனத்தில் இருந்தது போலும். மார்பில் பள்ளிச் சின்னம் பெரிதாக வேண்டும் என்று கேட்டவனும் நானே. முதுகு முழுவதும் தம் கடையின் பெயரை அவர் அச்சிட்டுக்கொண்டார். இலவசமாயிற்றே என்று நானும் வாளாவிருந்தேன்.

புதுச் சட்டையோடு இரண்டு நாள் பயிற்சிக்கு வந்த அந்தச் சிறுமி மூன்றாம் நாள் வரவில்லை. வயிற்றுவலி என்றாள். அடுத்த வாரம் தலைவலி. பின்னர், "நான் ஆடலீங்க, ஐயா" என்று மட்டும் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். முயற்சியில் உறுதி வேண்டும் என்று அவளுக்கு அறிவுரை வேறு கூறினேன்! அந்த அறிவுரையின் ஒவ்வொரு சொல்லும் இன்று என்னைக் குத்துகிறது. போட்டி முடிந்து, நாங்கள் முதற்சுற்றிலேயே தோற்றுத் திரும்பிய பின்னரே, உடற்கல்வி ஆசிரியை தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். "வேர்வையில நனைஞ்சா அந்தச் சட்டை உடம்பு தெரியிற மாதிரி ஆயிடுதுங்க, ஐயா. பக்கத்து ஆடுகளத்துப் பையன்கள் ஏதோ சொல்லிச் சிரிச்சிருக்காங்க. பெரிய பிள்ளையாச்சே, எப்படி ஆடுவா?"

வெள்ளைத்துணி ஏன் வெண்மையாகத் தெரிகிறது? இழைகளுக்கிடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். அந்த இடத்தை நீர் நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து ஒளி ஊடுருவிச் செல்கிறது. அறிவியல் பாடத்தில் நான் கற்பிக்கக்கூடிய செய்திதான் இது. சின்னமும் கடைப் பெயரும் ரப்பர்ப் பூச்சாக அச்சிடப்பட்டிருந்ததால் அவ்விடங்களில் காற்றும் புகவில்லை, வேர்வையும் வெளியேறவில்லை. அகப்பட்ட ஈரமெல்லாம் எஞ்சிய துணியில் பரவியது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இத்தனையையும் தன் உடம்பில் சுமந்துகொண்டு, அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆளும் இன்றி விலகிச் சென்றாள்.

உலகப் பூப்பந்துச் சம்மேளனமும், அதன் தலைமையகம் நம் கோலாலம்பூரிலேயே இருந்த 2011இல், பெரும் போட்டிகளில் ஆடும் பெண்கள் பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி செய்யப் பார்த்தது. எதிர்ப்பு எழவே அடுத்த ஆண்டில் கைவிட்டது. அச்செய்தியைப் படித்தபோது, ஆடுபவர்களைக் கேளாமல் இப்படியும் செய்வார்களா என்று நண்பர்களிடம் நான் வியந்து பேசியது நினைவிருக்கிறது. நான் மட்டும் யாரைக் கேட்டேன்?

அடுத்த ஆண்டுக்கான சட்டைகளை வாங்கும் பொறுப்பை உடற்கல்வி ஆசிரியையிடமும் நான்கு மாணவிகளிடமும் ஒப்படைத்து, நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பட்டும் வேட்டியும் கிடைத்தன. நாங்கள் தேடியது கிடைக்கவில்லை. பிறகு கோலாலம்பூரில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைப் பக்கம் அலைந்தோம். பாலியெஸ்டர் என்று எழுதியிருந்தால் போதும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த அந்த இழை இயல்பில் நீரை வெறுப்பது. மலிவான வழவழப்புத் துணியாக இருந்தால் வேர்வை அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நின்று உடம்பிலேயே வழியும். இழையின் நெடுகிலும் நுண்பள்ளங்கள் அமைத்தோ, நீரை ஏற்கும் மேற்பூச்சு கொடுத்தோ செய்த துணியே திரியாக வேலை செய்யும். பூச்சு மட்டும் உடையதாயின் பல சலவைகளில் அது தேய்ந்தும் போகும்.

மாணவிகள் தாமாகவே ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு சொட்டை மாதிரித் துணியின் உட்புறத்தில் விடுவது. சொட்டு உருண்டு நின்றால் வேண்டாம். உடனே அகலப் பரவி வெளிப்புறத்திலும் தோன்றினால் சரி. பிறகு துணியை நனைத்து விளக்கொளிக்கு நேரே பிடித்து, உள்ளே வைத்த விரல் தெரிகிறதா என்று பார்ப்பது. கடைக்காரருக்குப் பொறுமை மிகுதி. இரண்டு மாதிரிகளை நாசமாக்கியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளை போயிற்று. சாம்பல் நிறத்தில் வேர்வைத் திட்டு கறுத்துத் தெரிந்ததால் அதுவும் போயிற்று. கருநீலம் நின்றது. கையை உயர்த்தும்போது வயிறு தெரியாத நீளம், கழுத்திலிருந்தே தொடங்கும் கைத்தையல், முழங்கை வரை மறைக்கும் கையும் வேண்டுவோர்க்குக் கிடைக்கும் ஏற்பாடு. சின்னத்தை ரப்பர்ப் பூச்சாக அன்றி, சாயத்தை வெப்பத்தால் இழைக்குள்ளேயே ஏற்றும் முறையில் சிறிதாக அச்சிட்டோம். விலை கூடியது. முன்பு உதவிய வணிகர், பெயர் சிறிதாக இருக்கும் என்றதும் விலகிக்கொண்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர், "ஒரு சட்டைக்கு இவ்வளவு வெள்ளியா? பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் ஆடியதில்லையா?" என்று கேட்டார். சங்கக் கூட்டத்தில் என்ன காரணத்தைச் சொல்வது? வேர்வையைப் பற்றியும் திரியைப் பற்றியும் பேசினேன். மற்றதைத் தாய்மார்களிடம் ஆசிரியை தனியே பேசினார். பணம் சேர்ந்தது.

இந்தத் துணிக்கும் குறையுண்டு. உடலின் எண்ணெய்ப் பசை பாலியெஸ்டரில் ஒட்டிக்கொண்டு நாற்றத்தைத் தங்கச் செய்யும். ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்தால் சொல்லவே வேண்டாம். உடனே அலச வேண்டும். துணியை மென்மையாக்கும் நறுமணக் கரைசலை ஊற்றினாலோ அது இழைகளின்மேல் படிந்து திரியின் வேலையைக் கெடுத்துவிடும். என் துணைவியார் இதை இன்னும் நம்பவில்லை.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பெர்லி டானும் தினா முரளிதரனும் அரையிறுதிக்குச் சென்று நான்காம் இடம் பெற்றார்கள். நம் நாட்டுப் பெண்கள் இரட்டையர் எவரும் அதுவரை எட்டாத இடம் அது. மறுவாரம் பயிற்சிக்குப் புதிதாக ஒன்பது பெண்பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுள் ஒருத்தி, விலகிப்போன அச்சிறுமியின் தங்கை.

ஒரு மாலை, தங்கையை அழைத்துப் போக இடைநிலைப்பள்ளிச் சீருடையோடு அக்காள் வாயிலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். அவளிடம் சொல்ல ஓராண்டாக என் நாவில் ஒரு வாக்கியம் காத்திருந்தது. "அந்தச் சட்டை என்னுடைய தவறு, அம்மா. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்." அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த கருநீலச் சட்டையொன்றை எடுத்து, இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். பிறகு சன்னல் வெளிச்சத்துக்கு நேரே அதைப் பிடித்து, உள்ளே கையை நுழைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"பெரிய அளவு இருக்குங்களா, ஐயா?" என்றாள்.

இல்லை. எங்களிடம் இருந்தவை எல்லாம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் அளவுகள். மறுநாள் கடைக்குத் தொலைபேசினேன்.