ஷவர்மா கடையில் ஒரு பத்து நிமிஷம்

எங்க தூத்துக்குடில "நைட் கிளப் போயிட்டு வந்தேன்"னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இங்க நைட் கிளப்னா புரோட்டா கடை. எண்ணெய்ல பொரிச்ச புரோட்டா, அதைப் பிச்சுப் போட்டு மேல சால்னா. அதைத் தின்னு வளர்ந்த உடம்புதான் இது.

போன மாசம் என் மகள் சொன்னா: "எப்பா, என் பொறந்த நாளுக்கு புரோட்டா வேண்டாம். தெரு முக்குல ஷவர்மா வாங்கித் தாங்க."

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. 2022 மே மாசம் கேரளா செறுவத்தூர்ல ஷவர்மா சாப்பிட்ட 16 வயசுப் பொண்ணு இறந்துபோச்சு. அந்தச் சம்பவத்துல ஷிகெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டம்பர்ல நம்ம நாமக்கல்ல 14 வயசுப் பொண்ணு. என் மகளுக்கு 15.

"வேண்டாம்"னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா நான் தடுத்தா சிநேகிதிகளோட போய்ச் சாப்பிடுவா. அதனால நானே கூட்டிட்டுப் போனேன்.

ஷவர்மாங்கிற பேரே துருக்கியில இருந்து வந்ததுதான். 'செவிர்மே'ன்னா சுற்றுறது. அதோட அரபு உச்சரிப்புதான் ஷவர்மா. துருக்கிக்காரங்க சொல்ற 'டோனர்' கபாபுக்கும் சுழல்றதுன்னுதான் அர்த்தம். நல்ல சாப்பாடு. அதுல ஒரு குத்தமும் இல்ல.

சிக்கல் எங்கன்னா, சால்னா சட்டி முழுசாக் கொதிக்கும். ஷவர்மாக் கம்பியில வெளித்தோல் மட்டும்தான் வேகும், உள்ள பச்சைக்கறி. வெந்ததை மட்டும் சீவி எடுத்துட்டு, அடுத்த அடுக்கு வேகுற வரைக்கும் காத்திருக்கணும். கோழிக்கறி உள்வரைக்கும் 74 டிகிரி செல்சியஸ் சூடாகணும். கூட்டம் இல்லன்னு அடுப்பை அணைச்சா இன்னும் மோசம். 5 டிகிரியில இருந்து 60 டிகிரிக்குள்ள இருக்கிற வெதுவெதுப்புலதான் கிருமி பெருகும்.

கடைக்காரர் கறியைச் சீவினார். ஒரு துண்டு உள்ள இளஞ்சிவப்பா இருந்துச்சு. "அண்ணாச்சி, இதைக் கல்லுல போட்டு ஒருக்கா நல்லாப் பெரட்டித் தாங்க"ன்னேன். மகள் என் சட்டையை இழுத்தா. "எப்பா, மானத்தை வாங்காதீங்க."

அவர் கோவப்படுவார்னு நினைச்சேன். படல. "நீங்க ஒருத்தர்தான் சார் மெதுவாத் தாங்கன்னு கேக்குதிய. மத்தவங்க எல்லாம் சீக்கிரம் போடுங்க, சீக்கிரம் போடுங்கன்னுதான் நிக்காவ. நான் எப்படி வேக விடுவேன்?"

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நானும் பைக்கை ஆஃப் பண்ணாம "அண்ணாச்சி, பார்சல் ரெடியா?"ன்னு கேக்குற ஆளுதான். தப்பைக் கடைக்காரர் தலையில மட்டும் கட்டிட்டு வந்துர முடியாது. பத்து நிமிஷம் நின்னோம். கறி கல்லுல முறுகுற வாசனையோட சாப்பிட்டோம். நல்லாவே இருந்துச்சு.

அன்னிக்கு மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்:

🔸 அடுப்பு எரியுதா, கம்பி சுத்துதான்னு பாருங்க. அணைஞ்சு கிடந்தா திரும்பிடுங்க.

🔸 சீவின கறியைக் கல்லுல போட்டுத் தரச் சொல்லுங்க. உள்ள சிவப்பா இருந்தா சாப்பிடாதீங்க.

🔸 பச்சை முட்டை மயோனைஸ் வேண்டவே வேண்டாம். சால்மொனெல்லா வரலாம். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் அதுக்கு ஓராண்டுத் தடை போட்டதும் இதனாலதான்.

🔸 வாங்கினதை உடனே சாப்பிடுங்க. ராத்திரி வெளியிலயே கிடந்ததைக் காலையில சூடு பண்ணித் தின்னாதீங்க. சில கிருமிகள் விட்டுட்டுப் போற நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது.

🔸 வாந்தி, பேதி வந்தா ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. மலத்துல ரத்தம், கடும் காய்ச்சல், தண்ணி கூட நிக்காத வாந்தி, சிறுநீர் குறையுறது, அசந்து கிடக்கிறது: இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பேதியை நிறுத்துற மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க.

போன வாரம் டியூஷன் முடிஞ்சு மகள் வெறுங்கையோட வந்தா. "ஷவர்மா வாங்கலையா?"ன்னேன்.

"அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சுப்பா. நாங்க நாலு பேருமே வந்துட்டோம்."

நாலு பேர். அன்னிக்கு நான் வாங்கின மானத்துக்கு இது போதும்.